சமர்கந்து வகுப்பறையும் காஷீயின் கடிதமும்

அரபுக் கல்லூரிகளில் ஓதிய மூத்த ஆலிம்களுக்கு ‘ஷரஹ் சக்மீனீ’ என்னும் பெயர் புதியதன்று. இல்முல் ஹைஅத் எனப்படும் வானியலை மாணவர்க்கு அறிமுகம் செய்வதற்காகப் பல தலைமுறைகள் ஓதிக்கொடுக்கப்பட்ட கிதாபு அது. குவாரிஸ்ம் பகுதியைச் சேர்ந்த மஹ்மூத் அல்சக்மீனீ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘அல்முலக்கஸ்’ என்றொரு சுருக்க நூல் எழுதினார். அதற்கு ஹிஜ்ரி 814இல் (கி.பி. 1411-12) காழீஸாதா ரூமீ வரைந்த விரிவுரையே ஷரஹ் சக்மீனீ. லக்னோவின் ஃபிரங்கி மஹல் மேதை முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள் (மறைவு 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமிய்யா பாடத்திட்டத்தில் அந்நூலின் முதற் பகுதி சேர்க்கப்பட்டிருந்தது. ‘ரிஸாலா குஷ்ஜிய்யா’ என்னும் மற்றொரு சிறு நூலும் அதனுடன் இடம்பெற்றது. முல்லா நிஜாமுத்தீனின் மகனார் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள் ஆற்காட்டு நவாப் முஹம்மதலி வாலாஜாவின் ஆதரவில் சென்னைக்கு வந்து, இங்கேயே ஓதிக்கொடுத்து, 1810இல் மறைந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலை ஒட்டி அடக்கமாகியிருக்கிறார்கள். வடக்கே உருவான பாடத்திட்டம் தெற்கே வேரூன்றியதில் அப்பெரியாரின் வருகைக்குப் பங்குண்டு.

மேற்சொன்ன இரு நூல்களின் ஆசிரியர்களும் ஒரே ஊரில், ஒரே கல்விச்சாலையின் நிழலில் இருந்தவர்கள். அது சமர்கந்தில் உலூக் பேக் நிறுவிய மத்ரஸா. நூல்கள் அங்கிருந்து லக்னோ வழியாக நம்மை வந்தடைந்தன. அந்நூலாசிரியர்கள் அமர்ந்திருந்த வகுப்பின் நடைமுறை வந்தடையவில்லை. நான் மாணவனாயிருந்த காலத்தில் ஷரஹ் சக்மீனீயின் சில பக்கங்களை ஓதினோம். வாக்கியங்களின் இஃராபை ஆராய்ந்தோம். ஒவ்வொரு ளமீரும் எந்தச் சொல்லை நோக்கித் திரும்புகிறது என்று தேடினோம். வானத்தை அண்ணாந்து பார்த்ததாக நினைவில்லை. காழீஸாதா யார், எப்படிப்பட்ட மாணவர்களுக்கு அவர் ஓதிக்கொடுத்தார் என்று கேட்கவும் எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

மாணவரிடம் புதிய சிந்தனையை, கண்டுபிடிக்கும் திறனை வளர்க்க வேண்டும் என்று இன்று கல்வி மாநாடுகளில் ஓயாமல் பேசப்படுகிறது. நம் மத்ரஸாக்களைக் குறை கூறுவோர் இக்குறையையே முதலில் எடுத்து வைக்கின்றனர். அதற்கு மறுமொழியாக நாம் இப்னுல் ஹைதமையும் அல்பீரூனீயையும் பெயர் சொல்லிப் பெருமை கொள்கிறோம். அவர்கள் கண்டறிந்தவற்றை அடுக்குவது எளிது. அத்தகையோரை உருவாக்கிய வகுப்பில் ஆசிரியர் என்ன செய்தார், மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைச் சொல்லும் சான்றுகளோ அரிதாகவே கிடைக்கின்றன. அவ்வகையில் நமக்குக் கிடைத்த அரிய சான்று ஒரு மகன் தன் தந்தைக்கு எழுதிய கடிதமாகும்.

தைமூரின் பேரரும் ஷாருக்கின் மகனுமான உலூக் பேக் 1394இல் பிறந்தார். முஹம்மத் தராகாய் என்பது இயற்பெயர். 1409 முதல் சமர்கந்தை ஆளும் பொறுப்பு அவரிடம் இருந்தது. பாட்டனாரைப் போல நாடு பிடிப்பதில் அவர் பெரிதாக வெற்றி காணவில்லை; அவருடைய நாட்டம் கணக்கிலும் வானிலும் இருந்தது. இன்று ரேகிஸ்தான் சதுக்கம் என வழங்கும் இடத்தில் 1417க்கும் 1420க்கும் இடையே அவர் கட்டிய மத்ரஸா இப்போதும் நிற்கிறது. அதன் தலைமை ஆசிரியராக இருந்தவரே காழீஸாதா ரூமீ. அனத்தோலியாவின் பூர்ஸா நகரத்துக் காழியொருவரின் வழித்தோன்றல். கணிதம் கற்க வேண்டுமென்று குடும்பத்தாருக்குத் தெரிவிக்காமல் கிழக்கே புறப்பட எண்ணினார் என்றும், அதை உணர்ந்துகொண்ட அவருடைய சகோதரி தம் நகைகள் சிலவற்றை அவருடைய கிதாபுகளுக்கிடையே மறைத்து வைத்தார் என்றும் உஸ்மானிய ஆலிம்களின் வரலாற்றை எழுதிய தாஷ்குப்ரீஸாதா குறிப்பிடுகிறார். நம் கல்வி வரலாறுகளில் பெயர் பதியப்படாத அத்தகைய சகோதரிகள் எத்தனை பேரோ!

அம்மத்ரஸாவுக்கு ஈரானின் காஷான் நகரிலிருந்து 1420ஐ ஒட்டி வந்து சேர்ந்தவர் கியாஸுத்தீன் ஜம்ஷீத் அல்காஷீ. மருத்துவம் அறிந்தவர், வறுமையை அனுபவித்தவர். 1406இல் காஷானில் தாம் கண்ட சந்திர கிரகணத்தை அளந்து பதிவு செய்தவர். கோள்களின் இருப்பிடத்தைக் கணக்கிடாமலேயே காட்டித் தரும் ‘தபக்குல் மனாத்திக்’ என்ற கருவியை 1416இல் தாமே வடிவமைத்து, அதை விளக்கி நூலும் எழுதியவர். சமர்கந்துக்கு வந்தபின் அவர் காஷானிலிருந்த தம் தந்தைக்குப் பாரசீக மொழியில் எழுதிய கடிதங்களில் இரண்டு எஞ்சியுள்ளன. ஒன்றை 1960இல் துருக்கிய ஆய்வாளர் ஆய்தின் சாயிலியும் அமெரிக்க ஆய்வாளர் கென்னடியும் தனித்தனியே மொழிபெயர்த்து வெளியிட்டனர். மற்றொன்றை ஈரானிய ஆய்வாளர் முஹம்மத் பாகிரீ 1997இல் அறிமுகப்படுத்தினார். இரண்டும் பல செய்திகளில் ஒத்துச் செல்கின்றன.

கடிதத்தில் காஷீ முதலில் சுல்தானின் கல்வியைப் புகழ்கிறார். குர்ஆனின் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். அரபு இலக்கணத்திலும் தர்க்கத்திலும் தேர்ச்சியுண்டு. நஸீருத்தீன் தூஸியின் ‘தத்கிரா’வையும் குத்புத்தீன் ஷீராஸியின் ‘துஹ்ஃபா’வையும் ஆழ்ந்து கற்றவர் என்கிறார். ஒருமுறை குதிரையில் சென்றுகொண்டிருந்தபோதே, ஹிஜ்ரி 818ஆம் ஆண்டு ரஜபு மாதத்தின் ஒரு குறிப்பிட்ட திங்கட்கிழமை சூரிய ஆண்டின் எந்நாளில் விழுகிறது என்பதை மனக்கணக்காகவே போட்டு, சூரியனின் இருப்பிடத்தைப் பாகையின் சிறு பின்னம் வரை சொல்லி, இறங்கியதும் அதைச் சரிபார்க்குமாறு காஷீயிடம் கேட்டாராம். சமர்கந்தில் உதவித்தொகை பெறும் மாணவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர் என்றும், அவர்களில் 500 பேர் கணிதம் கற்கத் தொடங்கியிருக்கின்றனர் என்றும் அவர் எழுதுகிறார்.

அரசனைப் புகழும் பகுதியைச் சற்றுத் தள்ளிவைத்துத்தான் படிக்க வேண்டும். காஷீ அவ்வரசனிடம் ஊதியம் பெற்றவர். மேலும், தொலைவிலிருக்கும் தந்தைக்குத் தன் மதிப்பைக் காட்ட விரும்பும் மகனின் குரலும் கடிதமெங்கும் ஒலிக்கிறது. சபையில் மற்றவர் விடை காணாமல் விட்ட கணக்குகளைத் தாம் வந்து தீர்த்ததாக அவர் சொல்லும் இடங்கள் பல. அடக்கம் அவருடைய குணங்களில் ஒன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. எனினும் கடிதத்தின் ஒரு பகுதி வழக்கமான அரசவைப் புகழ்ச்சியில் அடங்காதது. அது வகுப்பு நடந்த விதத்தைப் பற்றியது.

கல்வி விவாதத்தில் ஒரு செய்தி முழுமையாக விளங்கும் வரை எவரும் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது சுல்தானின் கட்டளை. மரியாதைக்காக விளங்கியதுபோல் காட்டிக்கொள்வதை அவர் விரும்பவில்லை. அவருடைய பதவியை எண்ணி யாரேனும் அவர் கருத்துக்குத் தலையசைத்தால், தம்மை அறியாதவராக ஆக்குகிறாய் என்று அவரைக் கடிந்துகொள்வார். இதற்கும் மேலே ஒருபடி சென்று, சில வேளைகளில் வேண்டுமென்றே தவறான ஒரு கூற்றைச் சபையில் வைப்பார். பணிவின் காரணமாக எவரேனும் அதை ஏற்றுக்கொண்டால், அச்செய்தியை மீண்டும் எடுத்து, ஏற்றவர் நாணும்படி செய்வார்.

இந்தக் கடைசிச் செய்தியை நான் முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அதிலேயே நின்றேன். ஒரு நாட்டின் அதிபதி, தாம் சொன்னதை மறுக்காதவனைத் தண்டிக்கிறார். அதுவும் கத்தியாலன்று, நாணத்தால். சபையினர் அனைவரும் அவரிடம் உணவும் உடையும் பெறுபவர்கள். அவர் ஒரு பிழையைச் சொல்லும்போது, அது சோதனையா, உண்மையிலேயே அவர் தவறிவிட்டாரா என்று எவராலும் முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு கூற்றையும் அவரவர் தாமே கணக்கிட்டுப் பார்த்தாக வேண்டும். ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடையை ஊகிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. மாணவரைச் சிந்திக்கச் சொல்லி ஆயிரம் முறை உபதேசித்தாலும் கிட்டாத பயன் இந்த ஒரு நடைமுறையில் இருக்கிறது. நாணச் செய்வது நல்லதொரு வழியா என்று இன்றைய கல்வியாளர்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். சுல்தானின் கைவசமிருந்த தண்டனைகளில் அது மிகவும் மென்மையானது என்பதையும் மறந்துவிடலாகாது.

அந்தச் சபையிலிருந்து வெளிவந்தவற்றைப் பார்ப்போம். 1424இல் காஷீ ‘அர்ரிஸாலத்துல் முஹீத்திய்யா’ என்னும் நூலை முடித்தார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் காண்பது அதன் நோக்கம். ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்கள் கொண்ட பல்கோணத்தை வட்டத்துக்குள் வரைந்து அந்த விகிதத்தைக் கணித்தார். காஷீ எடுத்துக்கொண்ட பல்கோணத்தின் பக்கங்கள் 80,53,06,368. அவர் கண்ட விடை தசமத்தில் 16 இலக்கங்கள் வரை சரியானது. அவ்வளவு நுட்பம் எதற்கு? அண்டத்தின் எல்லையெனக் கருதப்பட்ட மிகப்பெரும் வட்டத்தின் சுற்றளவைக் கணித்தாலும் பிழை ஒரு குதிரை மயிரின் அகலத்தை எட்டக் கூடாது என்று அவரே இலக்கு வைத்துக்கொண்டார். முதலில் எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்று தீர்மானித்து, அதற்கேற்ப எத்தனை பக்கங்கள் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்ட அம்முறைதான், என் எண்ணத்தில், விடையைவிடப் பெரிய புதுமை.

1427இல் அவர் முடித்து உலூக் பேக்குக்குக் காணிக்கையாக்கிய ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ வேறு வகையானது. கணக்கர், கொத்தனார், நில அளவையாளர், வணிகர் ஆகியோருக்கும் பயன்படும்படி எழுதப்பட்ட பெருநூல். தசமப் பின்னங்களைத் தெளிவான முறையாக அமைத்துக் காட்டியதும், பள்ளிவாசல்களின் வளைவுகளையும் குவிமாடங்களையும் முகர்னஸ் வேலைப்பாட்டையும் அளக்கும் வழிகளைச் சொன்னதும் அதன் சிறப்புகள். தசமப் பின்னங்களை அவருக்கு முன்பே 10ஆம் நூற்றாண்டில் உக்லீதிஸீ கையாண்டிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். நம் மேடைகளில் சிலர் முழங்குவதுபோல எல்லாவற்றையும் ஒருவர் தலையில் ஏற்றுவது ஆய்வுக்கு அழகன்று.

ஒரு பாகையின் ஸைன் மதிப்பைக் காண்பது அக்காலத்தின் பெருஞ்சிக்கல். மூன்று பாகையின் மதிப்பை வடிவ கணிதத்தால் பெறலாம். அதிலிருந்து ஒரு பாகைக்கு இறங்க ஒரு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். காஷீ அதற்கு, கிடைத்த விடையையே மீண்டும் மீண்டும் சமன்பாட்டில் இட்டு நெருங்கும் ஒரு வழியைக் கண்டார். காழீஸாதாவும் அதே சிக்கலைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். ஒரே வகுப்பில் ஒரே கேள்விக்காக இருவர் அமர்ந்து தனித்தனியே எழுதியிருக்கின்றனர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. காஷானில் வடிவமைத்த தம் கருவி பற்றிய நூலையும் காஷீ விட்டுவிடவில்லை; சமர்கந்தில் 1426இல் அதைத் திருத்திப் பிற்சேர்க்கை எழுதினார். பத்தாண்டுக்கு முன் தாம் கண்டுபிடித்ததைத் தாமே மறுபார்வையிட்டார்.

மாணவர் மறுத்துப் பேச வேண்டுமானால் ஆசிரியருக்கு முதலில் அச்சம் இருக்கக் கூடாது. இதை உணர்த்தும் நிகழ்ச்சியொன்றைத் தாஷ்குப்ரீஸாதா பதிவு செய்கிறார். உலூக் பேக் ஒருமுறை மத்ரஸாவின் ஆசிரியர் ஒருவரைப் பணியிலிருந்து நீக்கினார். அன்று முதல் காழீஸாதா வகுப்புக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். நோயுற்றிருப்பாரோ என்றெண்ணிச் சுல்தான் நலம் விசாரிக்கச் சென்றார். பதவி நீக்கம் நேரக்கூடிய பணிகளை ஏற்காதே என்று தம் ஷைகு தமக்கு அறிவுரை கூறியிருந்ததாகவும், ஆசிரியப் பணி அப்படிப்பட்டதன்று எனத் தாம் எண்ணியிருந்ததாகவும், அதுவும் நீக்கத்துக்கு உட்பட்டதே என்று கண்டபின் விலகிக்கொண்டதாகவும் காழீஸாதா விடையளித்தார். சுல்தான் வருத்தம் தெரிவித்து, நீக்கப்பட்டவரை மீண்டும் அமர்த்தினார். இனி அவ்வாறு செய்வதில்லை என்று உறுதியும் தந்தார். நிர்வாகத்தின் விருப்பத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் மத்ரஸாக்களின் பொறுப்பாளர்கள் இந்நிகழ்ச்சியை ஒருமுறை படிப்பது நன்று.

ரிஸாலா குஷ்ஜிய்யாவின் ஆசிரியர் அலீ குஷ்ஜீ அச்சபையின் இளையவர். ‘குஷ்ஜீ’ என்றால் வேட்டைப் பறவைகளைப் பராமரிப்பவர். அவருடைய தந்தை உலூக் பேக்கிடம் அப்பணி செய்தவர். ஒருநாள் இவர் யாரிடமும் சொல்லாமல் கிர்மானுக்குப் போய்விட்டார். அங்குள்ள ஆலிம்களிடம் ஓதி, நெடுநாள் கழித்துத் திரும்பிவந்து மன்னிப்புக் கேட்டார். எனக்கென்ன காணிக்கை கொண்டுவந்தாய் என்று சுல்தான் வினவினார். சந்திரனின் வடிவ மாற்றங்களைப் பற்றி முன்னோர் திகைத்து நின்ற சிக்கலைத் தீர்த்து ஒரு நூல் எழுதி வந்திருப்பதாகக் குஷ்ஜீ சொன்னார். கொண்டு வா, எங்கே பிழை செய்திருக்கிறாய் என்று பார்க்கலாம் என்பதே சுல்தானின் மறுமொழி. குஷ்ஜீ நின்றபடியே அதைப் படித்துக் காட்ட, சுல்தான் வியந்து பாராட்டினார் என்று முடிகிறது அச்செய்தி. பாராட்டு பிறகுதான் வந்தது. மாணவனின் படைப்பைப் பிழை தேடிப் படிக்கத்தக்க ஒன்றாக மதித்தது முதலில் வந்தது. நம்மில் பலர் மாணவரின் கட்டுரையைப் படிக்காமலேயே ‘மாஷா அல்லாஹ்’ என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுகிறோம்.

வானாய்வகத்தில் சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள மாபெரும் வட்டவில் கருவி அமைக்கப்பட்டது. அதன் நிலத்தடிப் பகுதியை 1908இல் வியாத்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர் அகழ்ந்து கண்டார். அங்கு நிகழ்ந்த ஆய்வுகளின் பயனாகிய ‘ஸீஜே ஸுல்தானீ’ 1,018 விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிடுகிறது. பணி முடிவதற்குள் காஷீ 1429இல் மறைந்தார், காழீஸாதாவும் மறைந்தார். குஷ்ஜீ உடனிருந்து முடித்து வைத்தார். இம்மூவரின் பங்கையும் உலூக் பேக் தம் நூலின் முன்னுரையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

1449இல் உலூக் பேக் தம் சொந்த மகன் அப்துல் லதீஃபின் ஆட்களால் கொல்லப்பட்டார். அத்துடன் எல்லாம் அழிந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆய்வகம் பாழடைந்தது உண்மை. ஆனால் குஷ்ஜீ இஸ்தன்பூல் சென்று, சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹின் ஆதரவில் ஆயாசோஃபியா மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து, 1474இல் மறையும் வரை எழுதிக்கொண்டிருந்தார். தூஸியின் ‘தஜ்ரீத்’ நூலுக்கு அவர் எழுதிய விரிவுரையில், வானியலுக்கு அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவம் இன்றியமையாததன்று என்று வாதிட்டார். சமர்கந்தின் அட்டவணைகள் இந்தியாவுக்கும் வந்தன. 18ஆம் நூற்றாண்டில் ராஜா ஜெய்சிங் முகலாய மன்னர் முஹம்மத் ஷா பெயரால் உருவாக்கிய ‘ஸீஜ்’ அவற்றை அடியொற்றியதே.

இந்த வகுப்பு வானத்திலிருந்து திடீரென இறங்கியதன்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூஃபா அவையில் ஒரு மஸ்அலா பல நாள் விவாதிக்கப்பட்டது என்பதும், தாம் சொல்வதையெல்லாம் உடனே எழுதிவிட வேண்டாம், இன்று கொண்ட கருத்தை நாளை விட்டுவிடவும் கூடும் என்று அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களை அவர்கள் தடுத்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளன. ‘குதூரீ’யோ ‘ஹிதாயா’வோ ஓதியவர்களுக்கு, ஆசிரியரிடமிருந்து மாணவர் இருவரும் மாறுபடும் இடங்கள் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாறுபாட்டால் இமாமின் மதிப்போ மாணவரின் மதிப்போ குறைந்துவிடவில்லை.

விவாத ஒழுக்கத்தைத் தனிக் கலையாக வகுத்தவரும் சமர்கந்தைச் சேர்ந்தவரே. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷம்ஸுத்தீன் ஸமர்கந்தீ ‘ஆதாபுல் பஹ்ஸ்’ பற்றிய தம் ரிஸாலாவை எழுதினார். கேட்பவரின் உரிமைகள் மூன்று வகை. ஒரு முற்கூற்றுக்குச் சான்று கேட்பது மன்உ. சான்று முழுவதும் பொருந்தாது எனக் காட்டுவது நக்ழ். எதிர் முடிவுக்குச் சான்று தருவது முஆரழா. இக்கலையில் ஜௌன்பூரின் அப்துர் ரஷீத் (மறைவு 1672) எழுதிய ‘ரஷீதிய்யா’வும் தர்ஸே நிஜாமிய்யாவில் இடம்பெற்ற நூல். ஆசிரியரை எப்படி மறுப்பது என்பதற்கான விதிகளை ஆசிரியரிடமே பாடமாக ஓதிய சமூகம் நாம்! அந்த விதிகளை மனப்பாடமாக ஒப்புவித்தோம். ‘ஃபஇன் குல்த்த... குல்த்து’ (நீ இவ்வாறு கேட்டால், நான் இவ்வாறு சொல்வேன்) என்னும் தொடர் நம் விரிவுரை நூல்களில் பக்கந்தோறும் வருகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் எழுப்பிய ஐயத்தையும் அதன் விடையையும் மாணவர் பிசகாமல் சொல்கிறார். அவருடைய சொந்த ஐயம் என்ன என்று கேட்டால் தலை குனிகிறார்.

புதுமை என்ற சொல்லே நம்மவர் சிலருக்கு ஒவ்வாது. பித்அத் என்ற எண்ணம் உடனே வந்துவிடுகிறது. வழிபாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது வேறு. ஒரு கணக்குக்குப் புதிய வழி காண்பது வேறு. உஸூலுல் ஃபிக்ஹ் ஓதியவரிடம் இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. உண்மையான தடை வேறிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். அது அதபு பற்றிய நம் புரிதலில் இருக்கிறது. உஸ்தாதின் முன் மௌனமே அதபு என்று எண்ணிவிட்டோம்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ‘ஸஹீஹ்’ நூலின் கல்விப் பகுதியில், தலைவர் தம் தோழர்களின் அறிவைச் சோதிக்க வினா எழுப்புவது பற்றித் தனித் தலைப்பே அமைத்திருக்கிறார்கள். முஸ்லிமுக்கு உவமையான, இலையுதிராத மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மக்களின் எண்ணம் காட்டு மரங்களை நோக்கி ஓடியது. அது பேரீச்ச மரமென்று இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் பட்டது. பெரியவர்கள் இருந்த அவையில் நாணத்தால் வாய் திறக்கவில்லை. பின்னர்த் தந்தையிடம் இதைச் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வங்களைவிட எனக்கு விருப்பமாக இருந்திருக்கும் என்று உமர் (ரலி) அவர்கள் வருந்தினார்கள். மகனின் மௌனத்தை அவர்கள் அதபு என்று பாராட்டவில்லை.

காஷீயின் கடிதத்தைப் படித்த பின் ஓராண்டு, ஐந்தாம் ஜும்ரா மாணவர்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் ஓதிக்கொடுக்கும்போது நானும் அதைச் செய்து பார்த்தேன். இறந்தவளுக்குக் கணவன், தாய், உடன்பிறந்த சகோதரிகள் இருவர். பாதி, ஆறிலொன்று, மூன்றில் இரண்டு. அடிப்படை எண் ஆறு. பங்குகள் மூன்று, ஒன்று, நான்கு. கூட்டினால் எட்டு வரும். ஆகவே கணக்கு எட்டுக்கு அவ்ல் ஆகும். கரும்பலகையில் பங்குகளைச் சரியாக எழுதிவிட்டு, ஏழுக்கு அவ்ல் ஆகும் என்று எழுதினேன். விரல் விட்டு எண்ணினாலே தெரியும் பிழை. இருபத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். யாருக்கேனும் ஐயமுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

அஸருக்குப் பின் ஒரு மாணவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். ஏழு என்பதை அவர் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் பென்சிலால் மெலிதாக எட்டு என்று எழுதியிருந்தார். வகுப்பில் ஏன் சொல்லவில்லை என்றேன். “ஹஜ்ரத் எழுதினால் சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் கூட்டத் தெரியவில்லை என்று நினைத்தேன் ஹஜ்ரத். மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்” என்றார்.

மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. உலூக் பேக்கைப் பற்றியும் சொன்னேன். அதற்கடுத்த வாரம் நான் எழுதிய கணக்கு முற்றிலும் சரியானது. மூன்று பேர் எழுந்து மறுத்தார்கள். மூவரும் மூன்று வெவ்வேறு வழிகளில் தவறாக மறுத்தார்கள். ஒருவர் தாயின் பங்கைக் குறைக்க வேண்டிய இடத்தையே மறந்திருந்தார். மற்றொருவர் கேட்டது இதுவரை எந்த விரிவுரையிலும் நான் பார்த்திராத கேள்வி. அதற்கு விடை சொல்ல நான் மாலையில் மூன்று கிதாபுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. அன்றைய பாடம் இரண்டு பக்கம் பின்தங்கியது.